காலியாக இருக்கும் அந்தச் சாக்கெட்: கோப்ராசசர் வாங்குவதா, எமுலேட்டர் போதுமா?

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில், பழைய போர்வை போர்த்தி வைத்திருந்த 386 கம்ப்யூட்டரைப் போன மாதம் திறந்து பார்த்தேன். ஆச்சியின் வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர். 1990 வாக்கில் செட்டிநாட்டு வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்தவர். முகப்பு, பட்டாலை, நடு முற்றமான வளவு என்று பகலில் டேப் பிடித்து அளப்பார், ராத்திரி உட்கார்ந்து ஆட்டோகேடு என்ற வரைபட சாஃப்ட்வேரில் ஏற்றுவார். உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க டர்போ பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியில் அவரே எழுதிய புரோகிராம் ஒன்றும் அதே டிஸ்கில் இருக்கிறது. அவர் காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது.

"பிரிண்ட் போட்டுக் குடுத்தாப் போதும்னு சொல்லாதீக தம்பி. பேரப்பிள்ளைக பொங்கலுக்கு வரும்போது, ஐயா வரைஞ்சதை ஐயா மெஷின்லயே பாக்கணும்" என்றார்கள் ஆச்சி.

மெஷின் ஓடியது. ஆட்டோகேடு ஓடவில்லை. மேத் கோப்ராசசர், அதாவது புள்ளி வைத்த எண்களைக் கணக்கிடும் துணைச் சிப், இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினால் 386 சிப்புக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு சாக்கெட், காலியாக. அதில் இருந்த சிப்பை யார், எப்போது கழற்றினார்கள் என்று ஆச்சிக்குத் தெரியவில்லை.

இனி என்ன செய்யலாம்? 386க்கான கோப்ராசசரான 387 சிப் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தலாம். சிப் இருப்பதுபோல நடந்துகொள்ளும் எமுலேட்டர் புரோகிராமை ஏற்றலாம். இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதையெல்லாம் லேப்டாப்புக்குக் கொண்டுபோய், முழு 386 மெஷினையே சாஃப்ட்வேரில் ஓட்டலாம். எதுவும் செய்யாமல் விடுவதும் சில புரோகிராம்களுக்குச் சரியான முடிவுதான். அதைக் கடைசியில் அல்ல, முதலிலேயே பார்க்க வேண்டும்.

இந்தச் சிப் எதற்கு வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 8086, 8088, 286, 386 எல்லாம் முழு எண்களில்தான் கணக்குப் போடும். 3.14159 மாதிரி புள்ளி வைத்த எண்ணைக் கூட்டக்கூட அவற்றில் நேரடிக் கட்டளை கிடையாது. அதற்காக 1980ல் இன்டெல் 8087ஐ வெளியிட்டது. அதற்குள் எண்களை வைத்துக் கணக்குப் போட 80 பிட் அகலத்தில் எட்டு ரெஜிஸ்டர்கள். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், டேன்ஜென்ட் எல்லாம் சிப்பிலேயே நடக்கும். 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் போர்டில் 8088க்குப் பக்கத்தில் 40 கால் சாக்கெட் ஒன்று காலியாகவே வந்தது. வேண்டுமென்கிறவர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் போடவில்லை. அதனால் புரோகிராம் எழுதுபவர்கள் சிப் இல்லாத மெஷினிலும் ஓடும்படி எழுத வேண்டியிருந்தது. எமுலேஷன் அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது.

வித்தியாசம் எவ்வளவு? 5 மெகாஹெர்ட்ஸ் 8087ஐயும், அதே கட்டளைகளை 8086ல் சாஃப்ட்வேராகச் செய்வதையும் வைத்து இன்டெல்லே ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தது. ஒரு கூட்டலுக்குச் சிப்பில் 17 மைக்ரோசெகண்ட், சாஃப்ட்வேரில் 1,600. வகுத்தலுக்கு 39, சாஃப்ட்வேரில் 3,200. வர்க்கமூலத்துக்கு 36, சாஃப்ட்வேரில் 19,600. கூட்டல் பெருக்கலில் சுமார் நூறு மடங்கு, வர்க்கமூலத்தில் ஐந்நூறு மடங்குக்கு மேல். பக்கத்துக் காரைக்குடி, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் என்பதால் மின்வேதியியல் கணக்கையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் மின்னழுத்தம் கொஞ்சம் மாறினால் மின்னோட்டம் அடுக்குக்குறியாக ஏறும். அந்த அடுக்கைக் கணக்கிட சிப்புக்கு 100 மைக்ரோசெகண்ட், சாஃப்ட்வேருக்கு 17,100. ஒரு வளைவரை வரைய ஆயிரம் புள்ளிகள் என்றால் பத்தில் ஒரு செகண்டுக்கும் பதினேழு செகண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதே வளைவரையைச் சோதனை அளவுகளோடு பொருத்த நூறு தடவை போட வேண்டியிருந்தால், பத்து செகண்ட் வேலை அரை மணி நேரம் ஆகிவிடும்.

இவ்வளவு நேரம் எங்கே போகிறது என்பதை ஒரு பெருக்கலை வைத்தே பார்க்கலாம். 80 பிட் எண்ணில் 64 பிட் இலக்கப் பகுதி. மீதி குறியும் அடுக்கும். 8086ஆல் ஒரு தடவைக்கு 16 பிட்டைத்தான் பெருக்க முடியும். அப்படியானால் ஒவ்வொரு எண்ணும் நாலு துண்டு. பள்ளிக்கூடத்தில் நாலு இலக்க எண்ணை நாலு இலக்க எண்ணால் பெருக்குவதுபோல, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு துண்டாலும் பெருக்கினால் மொத்தம் 16 பெருக்கல். ஒவ்வொன்றுக்கும் 8086ல் 118 முதல் 133 கடிகாரத் துடிப்புகள். 5 மெகாஹெர்ட்ஸில் அதற்கே சுமார் 400 மைக்ரோசெகண்ட் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் பதினாறையும் கைமீதியோடு இடம் மாற்றிக் கூட்ட வேண்டும், அடுக்குகளைச் சேர்க்க வேண்டும், ரவுண்டு செய்ய வேண்டும், பூஜ்யமா, முடிவிலியா, எல்லை தாண்டியதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் அட்டவணையில் முழு அகலப் பெருக்கலுக்கு 2,100 மைக்ரோசெகண்ட் போட்டிருப்பது இதனால்தான். 386ல் நிலைமை ரொம்பவே தேவலை. 32 பிட்டை ஒரே தடவையில் பெருக்கும் என்பதால் பதினாறு நாலாகிவிடுகிறது. ஒவ்வொரு பெருக்கலும் அதிகபட்சம் 38 துடிப்புதான். எமுலேட்டர் என்ற யோசனை ஆச்சி வீட்டு மெஷினுக்கு ஒத்துவருவதும், 8088 இருக்கும் பழைய ஐபிஎம் எக்ஸ்டியில் பொறுமையைச் சோதிப்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

சிப் தேட ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் புரோகிராம் சிப்பைத் தேடுகிறதா? இதைக் கேட்காமல் பணத்தைப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் பழைய புரோகிராம்கள் மூன்று வகை.

முதல் வகை, சிப்பைத் திரும்பியே பார்க்காது. ஆச்சியின் வீட்டுக்காரர் எழுதிய பாஸ்கல் புரோகிராம் இந்த வகை. டர்போ பாஸ்கலில் 'ரியல்' என்று அறிவித்தால் அது 6 பைட் எண், பதினோரு பன்னிரண்டு இலக்கம் துல்லியம். மூலக்கோப்பின் தலையில் 8087 ஸ்விட்சை ஆன் செய்யாமல் கம்பைல் செய்தால், அந்த ரியல் கணக்கு முழுவதையும் பாஸ்கலின் சொந்த ரொட்டீன்களே செய்யும். சாக்கெட்டில் 387 இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். அவர் கோப்புகளைத் திறந்து பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். உத்திரக் கணக்குக்கு அந்தத் துல்லியம் தாராளம். அதைத் தொட வேண்டியதில்லை.

வட்டிக் கணக்கும் இதே வகையில்தான் சேரும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து ஃபைனான்ஸ் கடை ஒன்றில், கம்ப்யூட்டர் விற்றவர் "கணக்குப் போடுற மெஷின், கோப்ராசசர் இல்லாம எப்படி?" என்று சொல்லி ஒரு சிப்பையும் சேர்த்து விற்றுவிட்டார். கடையில் ஓடியது கோபால் (COBOL) என்ற மொழியில் எழுதிய புரோகிராம். ரூபாய் பைசாவைத் தசம இலக்கங்களாகவே வைத்துக் கூட்டுவது. கோப்ராசசருக்கு அதில் வேலையே இல்லை. பணத்துக்கு அந்த வழிதான் சரியும்கூட. பத்துப் பைசாவை, அதாவது 0.10ஐ, இரும எண்ணாக எழுதினால் முடிவில்லாமல் நீளும். எங்கே வெட்டினாலும் ஒரு துளி பிசகும். எவ்வளவு விலை கொடுத்த கோப்ராசசரும் அந்தப் பிசகை இல்லாமல் ஆக்காது. பைசாவையே அலகாக வைத்து முழு எண்ணில் கணக்குப் போட்டால் சிப்பும் வேண்டாம், எமுலேட்டரும் வேண்டாம். அந்தக் கடைக்காரர் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இரண்டாம் வகை, சிப் இருந்தால் அதைப் பயன்படுத்தும், இல்லாவிட்டால் தன்னிடமே உள்ள எமுலேஷன் லைப்ரரியில் சமாளிக்கும். மைக்ரோசாஃப்ட், போர்லாண்ட் கம்பைலர்களில் இப்படிக் கட்டும் வழி இருந்தது. அதன் உள்வேலை அழகானது. மிதவைப்புள்ளிக் கட்டளை, அதாவது புள்ளி வைத்த எண்ணுக்கான கட்டளை, வர வேண்டிய இடத்தில் கம்பைலர் ஓர் இன்டரப்ட் கட்டளையை (நடப்பதை நிறுத்தி வேறு இடத்துக்குத் தாவச் சொல்வது) வைத்துவிடும். ஓடும்போது அந்த இடத்துக்கு வந்ததும் கட்டுப்பாடு லைப்ரரிக்குப் போகும். சிப் இல்லையென்றால் லைப்ரரியே கணக்கைப் போட்டுக் கொடுக்கும். சிப் இருந்தால் அந்த இன்டரப்ட் கட்டளையை அழித்து, அதே இடத்தில் உண்மையான 8087 கட்டளையை எழுதிவிடும். அடுத்த தடவை அந்த இடம் வரும்போது நேராகச் சிப்புக்கே போய்விடும். இந்த வகைப் புரோகிராம் வைத்திருந்தால், சிப் போட்டால் முழுப் பலன் உண்டு. தனி எமுலேட்டர் ஏற்றுவதில் லாபம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே உள்ளே ஒன்று இருக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு?

மூன்றாம் வகை, சிப் இருந்தே ஆக வேண்டும் என்று நிற்கும். 1987ல் வந்த ஒன்பதாம் வெளியீட்டிலிருந்து ஆட்டோகேடு இந்த வகைக்குப் போய்விட்டது. இந்த வகைக்குத்தான் தனி எமுலேட்டர். இஎம்87, ஃபிராங்கே 387 என்ற பெயர்கள் அந்தக் காலத்தில் டிராயிங் ஆபீஸில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம்.

அது எப்படி வேலை செய்கிறது? 286 முதல் பிராசசருக்குள் 'எமுலேட் செய்' என்று ஒரு பிட் இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால், ஒவ்வொரு கோப்ராசசர் கட்டளை வரும்போதும் பிராசசர் அதைச் செய்யாமல் ஏழாம் எண் இன்டரப்டைக் கிளப்பும். மெமரியில் தங்கியிருக்கும் எமுலேட்டர் அங்கே காத்திருந்து கட்டளையைப் படித்து, கணக்கைப் போட்டு, விடையை வைத்துவிட்டு அடுத்த கட்டளைக்கு அனுப்பும். "சிப் இருக்கிறதா?" என்று புரோகிராம் சோதிப்பதும் ஒரு கோப்ராசசர் கட்டளையால்தானே? அதுவும் எமுலேட்டரிடமே வந்து சேரும். இருக்கிறேன் என்று அது பதில் சொல்லிவிடும். 8088, 8086 மெஷின்களில் இந்தப் பிட் கிடையாது. அங்கே சிப்புக்கென்று எழுதிய புரோகிராமை ஓட்டினால், 'காத்திரு' என்ற கட்டளையில் மெஷின் அப்படியே உறைந்துவிடக்கூடும். எக்ஸ்டி வைத்திருப்பவர்கள் மூன்றாம் வகைப் புரோகிராமுக்கு 8087 வாங்கத்தான் வேண்டும்.

ஆச்சியின் டிஸ்கில் இருந்தது பத்தாம் வெளியீடு, சாதாரண டாஸ் பதிப்பு. அதில் எமுலேட்டர் பிடித்துக்கொண்டது, படம் திறந்தது. இதுவே 1992ல் வந்த பன்னிரண்டாம் வெளியீடாக இருந்திருந்தால் சந்தேகம்தான். அது 386ன் பாதுகாப்பு முறைக்குள் போய் ஓடுவது. அங்கே இன்டரப்ட் அட்டவணையே வேறு. டாஸில் மாட்டி வைத்த எமுலேட்டருக்கு அழைப்பு போய்ச் சேராது.

திறந்தது என்றேன், உடனே திறக்கவில்லை. அவர் வரைந்து வைத்திருந்தது ஒரு வளவு. சுற்றித் தூண்கள், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். ஒவ்வொரு கல்லிலும் நடுவில் ஒரு பூ, நாலு மூலையிலும் கால் வட்டம். நாலு கல் சேரும் இடத்தில் அந்தக் கால் வட்டங்கள் சேர்ந்து முழு வட்டமாகும். ஆட்டோகேடு வட்டத்தைத் திரையில் சின்னச் சின்ன நேர்கோடுகளாகத்தான் போடும். ஒவ்வொரு கோட்டின் முனைக்கும் சைன், கொசைன் பெருக்கல்கள். எமுலேட்டரில் அந்தப் பூக்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொரு கல்லாக, கண்ணெதிரே பதிந்துகொண்டே வந்தன. ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிக் கல் வரை பார்த்தார்கள். "இது நம்ம பெரிய வீட்டு வளவுதான்" என்றார்கள். எனக்கு அந்தத் தாமதம் ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஆனால் இடத்தை மாற்றிப் பார்க்க, பெரிதாக்கிப் பார்க்க என்று ஒவ்வொரு தடவையும் இப்படிக் காத்திருக்கக் குழந்தைகளால் முடியாது.

எமுலேட்டரோடு இருக்க முடிவு செய்பவர்களுக்கு இங்கே ஒரு வழி உண்டு. ஆட்டோகேடில் ரீஜென் என்றால் மூல எண்களிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடுவது. மிதவைப்புள்ளி வேலை அங்கேதான். ரீடிரா என்றால் ஏற்கெனவே கணக்கிட்டு முழு எண்களாக வைத்திருப்பதை மறுபடி வரைவது மட்டும். ரீஜென்ஆட்டோவை ஆஃப் செய்து, வியூரெஸ் அளவைக் குறைத்து வட்டங்களைக் கொஞ்சம் முரடாகக் காட்டினால் காத்திருப்பு நன்றாகவே குறையும். கோப்பில் இருக்கும் அளவுகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

எமுலேட்டரின் விடையை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சரியாக எழுதிய எமுலேட்டர் சிப் கொடுக்கும் விடையையே கொடுக்கும். கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலத்துக்கான விதிகள் ஐஇஇஇ 754 என்ற தரத்தில் 1985லேயே எழுதியாகிவிட்டன. ஆனால் வேகத்துக்காக இலக்கங்களைக் குறைத்துக்கொண்ட எமுலேட்டர்களும் உண்டு. நீங்களே சோதித்துவிடலாம். பாஸ்கலில் 8087 ஸ்விட்சை ஆன் செய்து, 'எக்ஸ்டெண்டட்' வகையில் ஒன்றை எடுத்து, அதைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போய், ஒன்றோடு கூட்டிப் பாருங்கள். கூட்டியும் ஒன்றாகவே நிற்கும்போது எத்தனை தடவை பாதியாக்கினீர்கள் என்று எண்ணுங்கள். 64 வந்தால் முழு 80 பிட் கணக்கு நடக்கிறது. 53 வந்தால் உள்ளே டபுள் எனப்படும் 64 பிட் கணக்கு மட்டும்தான். ஐந்து வரிப் புரோகிராம், எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை.

லேப்டாப் வழிக்கும் இதே சோதனை பொருந்தும். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய மெஷினில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வசதியானது, ஆனால் அதன் சில 64 பிட் பதிப்புகள் கோப்ராசசரை டபுளிலேயே நடத்துகின்றன. படம் பார்க்க அது போதும். பழைய ஆய்வுக் கணக்கின் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்றால் போதாது. அதற்கு, பழைய மெஷினையே முழுசாக சாஃப்ட்வேரில் ஓட்டும் 86பாக்ஸில் சாஃப்ட்ஃப்ளோட் என்ற தேர்வை வைத்துக்கொள்வது நல்லது. 86பாக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. கோப்ராசசர் 'இல்லை' என்றும் '387' என்றும் மாற்றி மாற்றி வைத்து, அதே புரோகிராமை இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கலாம். நேரம் மாறாவிட்டால் முதல் வகை. இரண்டிலும் ஓடி நேரம் மட்டும் மாறினால் இரண்டாம் வகை. ஒன்றில் ஓடவே மறுத்தால் மூன்றாம் வகை. ஒரு பைசா செலவில்லாமல் சிப் தேவையா என்று தெரிந்துவிடும். டர்போ பாஸ்கல் புரோகிராமை வேகமான மெஷினில் ஓட்டும்போது ரன்டைம் எரர் 200 என்று வந்தால் பயப்பட வேண்டாம். டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் பகுதியான சிஆர்டி யூனிட் மெஷினின் வேகத்தை அளக்கும்போது வரும் வகுத்தல் கோளாறு அது. எமுலேட் செய்யும் மெஷினின் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

சரி, சிப் வாங்குவதென்றால் மெஷினுக்கு ஏற்றதுதான் வாங்க வேண்டும். 286க்கு 287. 386எஸ்எக்ஸுக்கு 387எஸ்எக்ஸ். 386டிஎக்ஸுக்கு 68 கால் 387டிஎக்ஸ், அல்லது அதே சாக்கெட்டில் உட்காரும் சைரிக்ஸ் 83டி87. வேகமும் துல்லியமும் சைரிக்ஸில் ஒரு படி மேல். கிடைத்தால் அதை எடுங்கள். வைடெக் என்ற கம்பெனியின் பெயர் போட்டிருந்தால் வேண்டாம், அது வேறு ஜாதி. அதற்கென்றே எழுதிய புரோகிராம்தான் அதைப் பயன்படுத்தும். 486டிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, உள்ளேயே இருக்கிறது.

387ன் மெகாஹெர்ட்ஸ் போர்டின் வேகத்துக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். மேலே அச்சடித்த எண்ணை அழித்து வேறு எண் அடித்து விற்பது பழைய வழக்கம், அதனால் எழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பொருத்தும்போது மூலை அடையாளம் முக்கியம். பல போர்டுகளில் வைடெக்கும் உட்காரும்படி பெரிய சாக்கெட் இருக்கும். 387 அதன் உள் வரிசைகளில் மட்டும் உட்காரும். திசை தப்பினால் சிப் போய்விடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கேட்டுப் பார்த்தேன். பழைய கதவும் எனாமல் பாத்திரமும் விற்கிற கடைகள் அவை, இது அவர்களிடம் வருவதில்லை. பழைய போர்டுகளைப் பிரித்து விற்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆச்சிக்கு நான் சொன்னது இது. பாஸ்கல் புரோகிராமை அப்படியே விடலாம். மொத்த டிஸ்கையும் நகல் எடுத்து லேப்டாப்பில் வைத்தாயிற்று; சிங்கப்பூரில் இருக்கும் மகனிடமும் ஒரு பிரதி இருக்கிறது. அளவுகளைக் கேட்டு வருபவர்களுக்கு அந்தப் பிரதி போதும். ஆனால் ஆச்சி கேட்பது அந்த மெஷினில், அந்தத் திரையில். அதற்கு எமுலேட்டர் இப்போதைக்குப் படத்தைத் திறந்து காட்டுகிறது. சிப் கிடைத்தால் போடலாம், கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"சிப்பு போட்டா அந்தக் கல்லெல்லாம் சட்டுனு வந்துருமா தம்பி?"

"வந்துரும் ஆச்சி."

"அப்ப இதையும் எடுத்துராம வச்சிருங்க. மெதுவா வர்றதும் எனக்கு வேணும்."

அதனால் எமுலேட்டரை ஏற்றும் வரியை, மெஷின் ஆன் ஆனதும் தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் போடாமல், வேண்டும்போது ஓட்டும் தனி பேட்ச் கோப்பாக வைத்திருக்கிறேன். போர்டில் நீலப் பீப்பாய் மாதிரி இருந்த பேட்டரி கசிய ஆரம்பித்திருந்தது. சிப்பைத் தேடுவதற்கு முன்பே அதை வெட்டி எடுத்து, பச்சை பிடித்த தடங்களை வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்தாயிற்று. சாக்கெட்டுக்கு ஒரு விரல் தள்ளி அந்தக் கசிவு நின்றுவிட்டது, துளைகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன.